கடைசித் துண்டுக்கும் மருந்து

நான் கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்த நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. புது மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் வீடு பதறியது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க, நம்மட மாமிதான் அங்க துண்டு குடுக்கிறா, கண்டதும் உள்ளுக்கு விட்டிருவா" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பிப் போனேன்.

வெளிநோயாளர் பிரிவின் வாசலில் சின்ன மேசை ஒன்றின் பின்னால் அவர் இருந்தார். மேசையில் நம்பர் எழுதிய துண்டுகள், பக்கத்தில் சாய்த்துவைத்த கறுப்புக் குடை. எனக்கு மனைவி வழியில் மாமி முறை. எங்கள் வீட்டில் இருந்து இரண்டு வளவு தள்ளித்தான் அவர் வளவு. நான் வரிசையை விட்டு ஒதுங்கிப் பக்கவாட்டாகப் போய், முறையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து நீட்டினார். எண்பத்து மூன்று. அப்போது உள்ளே நாற்பத்தோராம் நம்பர் போய்க்கொண்டிருந்தது.

"மாமி, நான் வந்து..."

"தெரியும் மகன். உங்கட கலியாணத்துக்குச் சோறு பரிமாறினதே நான்தானே. மாப்பிள்ளையெண்டா அது வீட்டில. இஞ்ச நீங்க எண்பத்திமூணு. அங்கால வாங்கில குந்துங்க."

குந்தினேன். அந்தப் பலகை வாங்கில் மத்தியானம் வரை குந்தினேன். மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் தன்னுடைய போத்தலில் இருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். குளிசையை அங்கேயே விழுங்கவைத்துவிட்டுத்தான் அனுப்பினார். அதில் ஒரு குறையும் இல்லை. வரிசையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவருக்கு வாயில் எப்போதும் தயாராக இருந்த சொல் "ஏலா". முடியாது என்பதற்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். ஆனால் நாங்கள் சொல்லும்போது அதற்குப் பின்னால் காரணம், சாட்டு, சமாளிப்பு என்று ஒரு ஊர்வலமே வரும். அவர் சொன்னால் அவ்வளவுதான். கோபப்படமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். மழை வரப்போகுது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பெரிய உத்தியோகத்தர்கள், கோயிலை நடத்தும் வண்ணக்கர், வாகனத்தில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் அந்த மேசையில் "ஏலா" வாங்கியிருக்கிறார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் "ஏலா மாமி" என்றுதான் ஒழுங்கையில் பேச்சு. தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் பெருமைப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஒருநாள் நான் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் துண்டோடு அங்கே இருந்தபோது ஒன்று நடந்தது. மதியம் தாண்டிவிட்டது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாங்கில் ஒரு வயதானவர் மட்டும் மிச்சம், கையில் கடைசித் துண்டு. அக்கரையில், படுவான்கரையில் இருந்து முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, ஆற்றைக் கடந்து, நடந்து வந்தவர். மாமி கதவடியில் போய் நின்றார். தடுக்கவில்லை, கையை விரிக்கவில்லை, சும்மா நின்றார்.

"டொக்டர், இன்னும் ஒரு ஆள் இரிக்கி."

"நாளைக்கு வரச் சொல்லுங்க அக்கா. எனக்கு வேறொரு இடத்துக்குப் போகவேணும்."

"ஏலா டொக்டர். நாளைக்கும் அவர் அங்க இருந்துதானே வரணும். நாளைக்கும் கடைசித் துண்டுதான் கிடைக்கும்."

டாக்டர் அவரைப் பார்த்தார், வயதானவரைப் பார்த்தார், பையை வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் பசித்திருக்கும். வெளியே வரும்போது நான் மாமியிடம், "நல்லாத்தான் மல்லுக்கு நிக்கிறீங்க" என்றேன். அவர் குடையை விரித்தபடி சொன்னார்: "தூரத்தில இருந்து வாறவனுக்குத்தான் மகன் எப்பவும் கடைசித் துண்டு. அவனுக்குத்தான் வருத்தமும் கூட. முதல் நம்பருக்கு மருந்து குடுக்க நான் என்னத்துக்கு? கடைசித் துண்டுக்கும் மருந்து இரிக்கணும்."

இனி எங்கள் ஒழுங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

எங்கள் பக்கத்தில் வீடு வளவு எல்லாம் பெண்ணுக்கு. மாப்பிள்ளை சட்டை துணியோடு பெண் வீட்டுக்கு வருவான். மூத்த மகள் கலியாணம் முடித்தால் றோட்டோரத்து வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு வளவின் பின்பக்கம் இன்னொரு வீட்டைக் கட்டி நகர்வார்கள். இரண்டாமவளுக்கு அந்த வீடும் போகும். அவர்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். பின்னுக்கு என்றால் எங்கள் ஒழுங்கையில் அது ஆறுதான். வாவி என்று கடிதாசியில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறு. ஆக மூத்தவளுக்கு றோட்டோரம், கடைக்குட்டிக்கு ஆற்றோரம். என் மனைவி கடைக்குட்டி. மாமிக்கு மூன்று பெண்கள். இரண்டு பேரைக் கரைசேர்த்துவிட்டு, மூன்றாமவளுக்கு ஆற்றோரத்தில் அத்திவாரம் போட்டுச் சுவரும் இடுப்பளவு எழும்பியிருந்த நேரத்தில்தான் நடைபாதை வந்தது.

சந்தியில் ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். வாவிக்கரையோரம் எட்டடி அகலத்தில் இன்டர்லொக் கல் பதித்த பாதை, விளக்குக் கம்பங்கள், ஓய்வெடுக்க வாங்குகள், காதில் வயர் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண். நான் அந்தப் படத்தை நின்று பார்த்தேன். அது எங்கள் ஒழுங்கையின் பின்பக்கம்தான், கண்ணாப் பற்றையும் வளைவும் அப்படியே இருந்தன. வீடுகளைக் காணவில்லை. வீடுகள் இருந்த இடத்தில் புல்லும் பூமரங்களும் இருந்தன. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சீனி ஏறிக்கிடந்தது. காலையில் முக்கால் மணித்தியாலம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். றோட்டில் நடந்தால் முன்னால் நாய், பின்னால் மோட்டார் சைக்கிள். வீட்டுப் பின்னால் பாதை வந்தால் படியிறங்கி நடக்கலாம். இந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு.

ஒரு ஞாயிறு காலை பிரதேச சபையில் இருந்து இரண்டு பேர் படிவங்களோடு வந்தார்கள். திட்டத்துக்குச் சம்மதம், பின்வேலியைப் பன்னிரண்டு அடி உள்ளே எடுக்கச் சம்மதம், கீழே "குடும்பத் தலைவர் ஒப்பம்". விறாந்தையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்கதானே குடும்பத் தலைவர்?" என்று கேட்டார்கள். இப்படி ஒரு கேள்வியை ஒரு ஆம்பிளையிடம் கேட்டால் அவன் வேறென்ன சொல்லுவான்? ஓம் என்றேன், கையெழுத்து வைத்தேன். ஒழுங்கை முழுக்க அன்றைக்கு விறாந்தைகளில் குடும்பத் தலைவர்கள் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வீட்டிலும் கையெழுத்து விழுந்தது. ஒழுங்கையின் வட்சப் குழுவில் யாரோ அந்தப் பதாகையின் படத்தைப் போட, நாங்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம்.

அன்று பின்னேரம் கறுப்புக் குடை எங்கள் வாசல் கடப்படியில் நின்றது. மாமி உள்ளே வந்து உட்காரவில்லை.

"என்னத்தில மகன் கையெழுத்து வெச்சீங்க?"

நான் சொன்னேன். பொது நன்மை, உடற்பயிற்சி, சுற்றுலா என்று பதாகையில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லம். இந்த வளவில உங்கட பேரில ஒரு தென்னமட்டையாவது கிடக்கா?"

நான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டேன்.

"உங்களக் குறை சொல்லயில்ல. என்ட வீட்டுக்காரரும் வெச்சித்துத்தான் நிக்கிறார். நான் வந்தது உங்களுக்கில்ல." உள்ளே பார்த்து என் மனைவியைக் கூப்பிட்டார். "புள்ள, காணி உறுதி எங்க வெச்சிரிக்காய்?"

மனைவி பிஸ்கட் தகரத்தோடு வந்தாள். உறுதியை விரித்து, விரலை வைத்துப் பேரை வாசித்துக் காட்டிவிட்டு மாமி அடுத்த வீட்டுக்குப் போனார். மனைவி தகரத்தை மூடினாள். "நான் குசினிக்குள்ளதானே நிண்டன்" என்றாள். "ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம்." அன்று பின்னேரத் தேத்தண்ணி மட்டும் எனக்கு வரவில்லை. பதினாறு வருடக் கலியாணத்தில் அது ஒரு பெரிய தீர்ப்பு.

அடுத்த கிழமை ஆற்றுப் பக்கத்தை அளப்பதற்கு ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். காலை நேரம், பெண்கள் கிணற்றடியில் குளிக்கிற நேரம். எல்லோரும் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மாமி ஈரத்தலையோடு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதை இயக்கிக்கொண்டு நின்ற இளைஞனிடம் நேரே நடந்து போனார். "இறக்குங்க தம்பி" என்றார். "மேல இருந்து பாத்தா எல்லாம் வெறுங்காணி மாதிரித்தான் தெரியும். கீழ இறங்கி வாங்க, கடப்பால வாங்க, யார் வீடு எண்டு கேட்டு அளங்க." அவன் இறக்கினான். அவனுக்குத் தேங்காய்ப்பூ சீனி போட்டு இரண்டு றொட்டி கொடுத்து அனுப்பினார்.

பிறகு சனசமூக நிலையத்தில் கூட்டம். வெளி மாவட்டத்தில் இருந்து வந்திருந்த திட்ட உத்தியோகத்தர் ஒருவர், நல்ல மரியாதையான மனிதர், எழுந்து படிவக் கட்டை உயர்த்திக் காட்டினார். "அனைத்துக் குடும்பங்களும் சம்மதித்துள்ளன" என்றார். நாங்கள் ஆம்பிளைகள் முன்கதிரைகளில் இருந்தோம். பின்பக்கம் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தகரம், அல்லது ஒரு சொப்பிங் பை, அதோடு நாட்காட்டித் தாளில் வெட்டிய ஒரு துண்டு. துண்டில் நம்பர். யார் எழுதியது என்று கேட்கத் தேவையில்லை.

"ஒண்டு" என்று மாமி கூப்பிட்டார். முதலாம் நம்பர்க்காரி மேசையடிக்குப் போய் உறுதியை விரித்தாள். "காணி என்ட பேரில. நான் கையெழுத்து வைக்கயில்ல" என்றாள். "ரெண்டு." உத்தியோகத்தர் முதல் நாலைந்து பேருக்கு விளக்கம் சொல்லப் பார்த்தார், குடும்பத் தலைவர் என்றால் சட்டப்படி என்று ஏதோ தொடங்கினார். மாமி இடையில், "தலைவர் சரி சேர், அவங்களுக்கு நாங்கதான் சோறு போடுற. காணி யார்ட?" என்றார். கூட்டம் சிரித்தது. எங்களைப் பார்த்துத்தான் சிரித்தது, ஆனாலும் நாங்களும் சிரித்தோம். பதினேழாம் நம்பராக என் மனைவி போனாள். என் பக்கம் திரும்பாமலே போனாள். அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இருபத்தாறு முடிந்தது. உத்தியோகத்தர் பேனையை மூடினார். "இருபத்தேழு" என்றார் மாமி.

ஒழுங்கையின் கடைசியில், கரை வளைகிற இடத்தில், தகரம் போட்ட ஒரு வீடு இருந்தது. அதில் ஒரு பெண் தனியாக இருந்தார். கடல் எழும்பிய வருடம் வாகரைப் பக்கத்தில் எல்லாவற்றையும் எல்லோரையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர். ஆற்றில் நண்டு பிடித்து, ஒழுங்கையில் விற்று வாழ்ந்தார். வாகரைக்காரி என்றுதான் எல்லோரும் சொன்னோம். இருபத்தாறு வீட்டுக்குப் போன படிவம் அந்த வீட்டுக்குப் போகவில்லை. கூட்டத்துக்கும் யாரும் சொல்லவில்லை, மாமியைத் தவிர. அவர் வாசலோரம் நின்றார். மேசைக்குப் போகவில்லை.

"எனக்கு உறுதி இல்லையேகா" என்றார் மெதுவாக.

"துண்டு இரிக்குதானே. வா."

அவர் போய், இடம்பெயர்ந்தோர் அட்டையின் மங்கிப்போன போட்டோப் பிரதி ஒன்றை மேசையில் வைத்தார். உத்தியோகத்தர் அதைப் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை. கூட்டம் கலைந்தது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு உத்தியோகத்தர் திரும்ப வந்தார். இந்தமுறை மாமியின் வளவுக்கு நேரே வந்தார். ஒழுங்கை முழுதும் அங்கே கூடியது. அவர் ஒரு புதிய வரைபடத்தை அத்திவாரத்துச் சுவரில் விரித்தார். உங்கள் உறுதிகளை மதிக்கிறோம் என்றார். பாதையை ஆற்றுப் பக்கம் தள்ளிக் கல் நிரப்பிப் போடுகிறோம், ஒரு வேலியும் அசையாது, மகளின் அத்திவாரமும் தப்பும் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. கடைசி வளைவில் மட்டும் ஆழம் கூட, அங்கே கல் நிரப்ப முடியாது, பாதை அந்த இடத்தால் ஏறி றோட்டுக்குப் போகவேண்டும். அங்கே இருப்பவருக்கு உறுதி கிடையாது, ஆகவே பிரச்சினை இல்லை.

"அவ எங்க போற?" என்றார் மாமி.

"மாற்று இடம் பார்க்கலாம்."

"எந்த இடம்?"

"பார்க்கலாம் அம்மா."

"இடத்த எழுதிப்போட்டு வாங்க சேர். அதுவரைக்கும் ஏலா."

"நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் பழைய கோடுதான். ஆற்றோரம் அரச ஒதுக்கு, உறுதி இருந்தாலும் அந்த அளவுக்குள் கட்டியது செல்லாது. கோடு இந்தச் சுவரின் நடுவால் போகும்."

அவர் பொய் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான். மாமியின் அத்திவாரம் சில அடி ஒதுக்குக்குள் நின்றதும் உண்மைதான். மாமி சுவரைப் பார்த்தார். மூன்றாவது மகள் அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து ஒன்றரை வருடம். கூரை ஏறாமல் கலியாணம் இல்லை என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மாமியின் வாயைப் பார்த்தோம்.

"அதுவும் ஏலா" என்றார்.

அந்தப் பின்னேரம் நான் அவரோடு சண்டை பிடித்தேன். மறைக்கமாட்டேன். எங்கள் வீடு தப்புகிறது, எல்லார் வீடும் தப்புகிறது, சொந்த மகளின் கலியாணம் நிற்கிறது, ஒரு தகர வீட்டுக்காகவா இவ்வளவும் என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே கூசுகிறது. மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அந்த மனுசி உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"முறை ஒண்டுமில்ல மகன். இருபத்தேழாம் நம்பர்."

அதற்குப் பிறகு ஒழுங்கை அவரோடு முகம் கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு அவர் கொடுத்த துண்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களே குழாயடியில் வாயைக் கோணினார்கள். வட்சப் குழுவில் "ஒருவருடைய பிடிவாதத்தால்" என்று தொடங்கும் நீளமான செய்திகள் வந்தன. அவரிடம் பட்டன் போன்தான், வாசித்திருக்கமாட்டார். வேண்டுமென்றே அவர் வாசலில் நின்று வாசித்துக் காட்டியவர்களும் உண்டு. மூன்றாவது மகள் தாயோடு பேச்சை விட்டாள், சாப்பாட்டுக்கு முன்வீட்டு அக்காவிடம் போனாள். மாமி வேலைக்குப் போனார், துண்டு கொடுத்தார், வந்தார். ஒருநாள் நான் அவர் வேலிக்கு மேலால் பார்த்தபோது கட்டிமுடியாத சுவரில் தனியாக இருந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு அழுதார். நான் பார்த்ததைக் கண்டதும் கண்ணைத் துடைத்துவிட்டு, "சீனி கூடிக்கிடக்கெண்டு கேள்விப்பட்டன், நடக்கிறீங்களா?" என்று கேட்டார்.

காணி அளக்கும் சேவையர் வந்து பழைய கோட்டில் கட்டைகள் அடித்தார். ஒன்று சரியாக அத்திவாரத்துக்கு நடுவில் விழுந்தது. கட்டையைப் பிடுங்கினால் குற்றம் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். மாமி பிடுங்கவில்லை. அதில் ஆட்டைக் கட்டினார். கிராம சேவகர் வந்து கேட்டதற்கு, "ஆடு கட்டினாக் குத்தமெண்டு எங்க எழுதியிரிக்கி, காட்டுங்க" என்றார். அவர் ஒட்டியிருந்ததை இருமுறை வாசித்துவிட்டுப் போனார். அடுத்த காலை என் மனைவியும் எங்கள் பின்வளவுக் கட்டையில் உடுப்புக் காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டினாள். நான் ஏனென்று கேட்கவில்லை. அதற்குள் எனக்கும் கொஞ்சம் அறிவு வந்திருந்தது. அந்தக் கிழமைக்குள் கரையோரக் கட்டைகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று கட்டியிருந்தது. முகம் கொடுக்காத பெண்கள்தான் கட்டினார்கள். வாகரை அக்கா தன் கட்டையில் வலையை உலர்த்தினார்.

வடக்கில் இருந்து பாதை கல் பதித்துக்கொண்டு வந்து எங்கள் ஒழுங்கையின் முதல் வேலியில் நின்றது. தெற்கில் இருந்தும் வந்து தகர வீட்டுக்கு அங்கால் நின்றது. நடுவில் நாங்கள். உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தது, திட்டக் காலமும் முடிந்தது. ஆடு கட்டைக்கு அருகில் இருந்த புல்லைத் தின்று முடித்துவிட்டது. மழைக்கு முன்னே மாமி கட்டையைச் சுற்றியே சுவரை உயர்த்தினார். கூரையும் ஏறியது. அந்தக் கட்டை இன்றைக்கும் மூன்றாமவளின் குசினி மூலையில், சீமெந்துத் தரையில் இருந்து நாலு விரல் உயரத்துக்கு நிற்கிறது. கலியாணத்துக்கு முதல்நாள் வாகரை அக்கா ஒரு பெட்டி நண்டு கொண்டுவந்து இறக்கினார். மகள் அதை வாங்கித் தானே கழுவினாள்.

நடக்க வருகிறவர்களை மாமி ஒருநாளும் தடுத்ததில்லை. பாதை முடிகிற இடத்தில் திகைத்து நிற்பவர்களிடம், "நடங்க, கரையால நடங்க, ஆனாக் கேட்டுப்போட்டு நடங்க" என்பார். நானும் அப்படித்தான் நடந்தேன். "போகட்டா மாமி?" "ஓம், போங்க." அவர் வாயில் இருந்து ஓம் என்ற சொல்லை நான் அதிகம் கேட்டது அங்கேதான்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. பெட்டியை மூட எடுத்தபோது மூன்றாவது மகள் மூடியில் கையை வைத்தாள். "பொறுங்க, இன்னும் ஒரு ஆள் வருது" என்றாள். படுவான்கரைப் பஸ்ஸில் இருந்து இறங்கி யாரோ ஒரு வயதானவர் ஒழுங்கையால் நடந்து வந்துகொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அவர் வந்து பார்த்துவிட்டு நகரும்வரை அவள் கையை எடுக்கவில்லை. நான் அதுவரை அழவில்லை, அப்போது அழுதேன்.

போன மாதம் ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் கையில் டெப்லெட்டோடு எங்கள் விறாந்தைக்கு வந்தார். விடுபட்ட பகுதியை இணைக்கும் திட்டமாம். ஆற்றுப் பக்கம் தள்ளித்தான் போடுகிறார்களாம், ஒருவருக்கும் பாதிப்பில்லை. "நீங்கதானே சேர் குடும்பத் தலைவர்? இதில விரலால ஒப்பம் வச்சாச் சரி."

"காணி என்ட மனுசிட" என்றேன். "கொஞ்சம் பொறுங்க." உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே முழுதும் வாசித்தாள். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி, அந்தப் பெண்ணின் சிரிப்புக் களைத்துப்போகும் வரை வாசித்தாள். பிறகு கேட்டாள்: "கடைசி வீட்டுக்கு என்ன எழுதியிரிக்கி?"

அந்தப் பெண் விரலால் மேலும் கீழும் தேடினாள். "இதில இருபத்தாறு வீடுதான் அக்கா இருக்கு. கடைசி வீட்டுக்கு உறுதி இல்லாததால பட்டியல்ல வரல்ல."

மனைவி டெப்லெட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏலா தங்கச்சி" என்றாள். "அவட பேரையும் எழுதிப்போட்டு வாங்க. இப்ப இரிங்க, வெயிலுக்க வந்திரிக்கீங்க, தேத்தண்ணி குடிச்சித்துப் போகலாம்."

இரண்டு தேத்தண்ணி வந்தது. சீனி போடாதது எனக்கு.